பறவை வராமல் போனால்?

2020 ஜூன் 22 அன்று பார்சிலோனாவின் லிசேவு ஓபரா அரங்கில் 2,292 இருக்கைகளிலும் செடிகள் உட்கார்ந்திருந்தன. ஊரடங்குக்குப் பிறகு அரங்கம் மறுபடி திறந்தபோது நடந்த முதல் கச்சேரி அது. நான்கு பேர் கொண்ட நரம்பு வாத்தியக் குழு மேடையேறி, சிவப்பு மெத்தைகளில் வரிசையாக இருந்த தொட்டிச் செடிகளுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் சிறு படைப்பு ஒன்றை வாசித்துக் காட்டியது. யோசனை யூஹேனியோ அம்புடியா என்ற ஸ்பானியக் கலைஞருடையது. கச்சேரி முடிந்ததும் செடிகள் மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் காணொளி உலகமெங்கும் சுற்றியது. எனக்கும் பிடித்திருந்தது. நான்கைந்து தரம் பார்த்த பிறகுதான் ஒன்று உறுத்த ஆரம்பித்தது: அந்தச் செடிகளுக்கு அங்கே வேலையே இல்லை. இருக்கைகளில் பிளாஸ்டிக் செடிகளை வைத்திருந்தாலும் அந்த நால்வரும் அதே சுரங்களை அதே வேகத்தில்தான் வாசித்திருப்பார்கள்.

இசை, காட்சிக் கலை, இயற்கை மூன்றையும் ஒரே மேடையில் கொண்டுவரும் நிகழ்ச்சிகள் இப்போது நிறைய நடக்கின்றன. காட்டில் சிம்பொனி, பனிப்பாறை மேல் பியானோ, திரையில் பவளப்பாறை ஓட முன்னால் பாட்டு என்று விதவிதமாக. சிலவற்றை நேரில், பெரும்பாலானவற்றை ஹெட்போன் மாட்டிக்கொண்டு காணொளியில் என்று பார்த்துவருகிறேன். பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இயற்கை நினைத்தால் இந்தக் கச்சேரியைக் கெடுக்க முடியுமா? முடியுமென்றால் அது மேடையில் இருக்கிறது என்று அர்த்தம். முடியாதென்றால் அது வெறும் திரைச்சீலை. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இந்தச் சோதனைக்கு நல்ல உதாரணம் நூறு வருஷம் பழையது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஆக்ஸ்டெட் என்ற ஊரில் பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற செல்லோ கலைஞர் இருந்தார். தோட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது நைட்டிங்கேல் என்ற சிறு பாட்டுப் பறவை ஒன்று தன்னோடு சேர்ந்து பாடுவதைக் கவனித்தார். இதை வானொலியில் நேரடியாக ஒலிபரப்ப வேண்டும் என்று பிபிசியை நச்சரித்தார். அதன் தலைவர் ஜான் ரீத்துக்கு முதலில் இஷ்டமில்லை. கடைசியில் 1924 மே 19 இரவு மைக்கும் கம்பிகளும் பெட்டிகளுமாகப் பொறியாளர்கள் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். ஹாரிசன் வாசிக்க ஆரம்பித்தார். பறவை வாய் திறக்கவில்லை. நேரம் ஓடுகிறது. ஒலிபரப்பு முடியச் சிறிது நேரமே இருந்தபோதுதான் புதருக்குள்ளிருந்து பாட்டு வந்தது. கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்புறம் 2022இல் ஒரு செய்தி. அந்த முதல் இரவில் பாடியது பறவையே இல்லை, பறவைக் குரலில் சீட்டியடிக்கும் ஒரு மிமிக்ரி கலைஞராக இருக்கலாம் என்று. இத்தனை பேர் தோட்டத்தில் நடமாடினால் பறவை மிரண்டு ஓடிவிடும் என்று முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்களாம். பலருக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஏனென்றால் சிக்கல் எங்கே இருக்கிறதென்று இது அப்பட்டமாகக் காட்டுகிறது. வானொலிக்கு நேரம் குறித்தாயிற்று, லட்சக்கணக்கானவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பறவைக்கோ கடிகாரம் கிடையாது. அது வராத இரவை யார் ஏற்றுக்கொள்வது? ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் சீட்டியடிக்க ஒருவரைத் தயாராக வைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்த வேலையை லேப்டாப்பில் இருக்கும் ஒலிக்கோப்பு செய்கிறது, அவ்வளவுதான்.

ஹாரிசன் அந்த வீட்டை விட்டுப் போன பிறகும் பிபிசி ஆண்டுதோறும் வந்து பறவையை மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 1942 மே மாதம், போர்க்காலம். நைட்டிங்கேல் பாடிக்கொண்டிருக்கும்போதே ஜெர்மனியை நோக்கிக் கிளம்பிய குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வர ஆரம்பித்தன. இந்தச் சத்தம் வானொலியில் நேரடியாகப் போனால் எதிரிக்கு முன்கூட்டியே தகவல் சொன்னதாகிவிடும் என்று ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அது இன்றும் கிடைக்கிறது. முதலில் பறவை மட்டும். அப்புறம் எங்கோ அடியில் ஒரு உறுமல், அது மெல்ல மெல்லப் பெருகி முழுப் பதிவையும் நிரப்புகிறது. பறவை பாட்டை நிறுத்தவில்லை. விமானங்கள் கடந்துபோய் உறுமல் தேய்கிறது, பாட்டு அப்படியே இருக்கிறது. யாரும் இசையமைக்காத இந்தப் பதிவைத் தாண்டி நிற்கிற 'இயற்கைக் கச்சேரி' எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

பறவை உண்மையிலேயே மனிதரோடு சேர்ந்து பாடுகிறதா, நாம்தான் அப்படிக் கற்பனை செய்துகொள்கிறோமா என்ற கேள்விக்குப் பதில் நான் எதிர்பார்த்ததை விடச் சுவாரஸ்யமானது. இரவு முழுக்கப் பாடுகிற நைட்டிங்கேல்கள் பெரும்பாலும் ஜோடி கிடைக்காத ஆண்கள். அதுகளுக்கு செல்லோ ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் பெர்லின் நகரத்து நைட்டிங்கேல்களை ஆராய்ந்து 2004இல் வந்த ஆய்வு ஒன்று, போக்குவரத்து இரைச்சல் கூடும் இடங்களில் அவை குரலை உயர்த்திப் பாடுகின்றன என்று காட்டியது. வார நாள் காலைகளில் சத்தமாக, வார இறுதிக் காலைகளில் கொஞ்சம் அடக்கமாக. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு, எதிரில் கேட்கும் சீழ்க்கையின் சுருதிக்கு ஏற்பத் தன் சீழ்க்கையை அப்போதைக்கப்போதே மாற்றிப் பாட அதற்கு முடிகிறது என்று சொல்கிறது. ஆக, அது நம்மைக் கேட்கிறது. நம் இசை அதற்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் சாம் லீ என்ற நாட்டுப்புறப் பாடகர் வசந்த காலங்களில் சிறு கூட்டத்தை இருட்டில் புதர்க்காட்டுக்கு நடத்திக்கொண்டு போய், அங்கே பாடும் பறவையோடு இசைக்கலைஞர்களை வாசிக்க வைக்கிறார். விளக்கு கிடையாது, திரை கிடையாது. காட்சிக் கலை என்று எதையும் சேர்க்காமல் விட்டதே அந்த நிகழ்ச்சியின் காட்சிக் கலை.

பறவை மேடையில் என்றால் செலெஸ்ட் பூர்சியே-முழெனோ என்ற பிரெஞ்சுக் கலைஞரையும் சொல்ல வேண்டும். ஒரு கூடத்தில் மின்கிட்டார்களைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் இணைத்து, ஸீப்ரா ஃபின்ச் என்ற குட்டிச் சிட்டுகளை உள்ளே பறக்க விட்டுவிடுவார். கவிழ்த்துப் போட்ட சிம்பல் தட்டுகளில் தானியமும் தண்ணீரும். சிட்டு வந்து தந்தி மேல் உட்கார்ந்தால் ஒரு நாதம். அலகைத் தந்தியில் தேய்த்தால் ஒரு கீறல். இரண்டு சேர்ந்து சண்டை போட்டால் ஒரு கோர்வை! 2010இல் லண்டன் பார்பிகன் மையத்தில் ஏறத்தாழ 40 சிட்டுகளோடு இது நடந்தது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் விருந்து, தந்தியில் எது உட்கார்ந்தது எப்போது எழுந்தது என்று பார்த்துக்கொண்டே கேட்கலாம். என் சோதனையிலும் தேறிவிடுகிறது: சிட்டுகள் மூலையில் தூங்கினால் கச்சேரி இல்லை. ஆனால் கதவு சாத்தியிருக்கிறதே என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை. வராமல் இருக்கும் சுதந்திரம் உண்டு, வெளியே போகும் சுதந்திரம் இல்லை.

கதவே இல்லாத அரங்கத்துக்கு வருவோம். கனடாவின் இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் ஏரிகளை அரங்கமாக்கியவர். 1979இல் அவர் எழுதிய ஒரு படைப்பில் ட்ரோம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கும் 12 கலைஞர்கள் ஒரு காட்டு ஏரியைச் சுற்றிக் கரையோரமாகப் பரவி நின்று வாசிக்கிறார்கள், விடியலில் ஒரு பகுதி, அந்தியில் ஒரு பகுதி. ஏரி நடுவே மிதவையில் நின்றுகொண்டு ஷேஃபர் வண்ணக் கொடிகளை ஆட்டி இசையை நடத்தினார். ஏன் விடியலும் அந்தியும்? காற்று அடங்கும் நேரம் என்பது ஒன்று. இன்னொன்று, அந்த வேளைகளில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். அதனால் எதிர்க்கரையில் ஊதுவது பக்கத்தில் ஊதுவதுபோலத் தெளிவாக வந்து விழும். சுட்டெரிக்கும் நண்பகலில் தரையில் இது தலைகீழ், ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் இசை அரங்கின் கூரை செய்யும் வேலையை அங்கே வெப்பநிலை வித்தியாசம் செய்கிறது. வெயில் ஏற ஏற அந்தக் கூரை காணாமல் போய்விடும்.

1981இல் டொரொண்டோவுக்கு அருகே ஹார்ட் ஏரியில் ஷேஃபர் நடத்திய 'நட்சத்திர இளவரசி' என்ற இசை நாடகம் இன்னும் துணிச்சல். பார்வையாளர்கள் இருட்டிலேயே வந்து கரையில் உட்கார வேண்டும். எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் குரல், துணை வாத்தியம் இல்லாமல், தண்ணீருக்கு மேலாக வருகிறது. வானம் வெளுக்க வெளுக்க, கதாபாத்திரங்கள் பெரிய வேடங்களோடு துடுப்புப் படகுகளில் ஏரிக்குள் வருகிறார்கள். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கரை மரங்களுக்குள் மறைந்திருக்கிறார்கள். கதையில் சூரியன் ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்தின் நுழைவு நிஜச் சூரியோதயத்தோடு பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒளியமைப்பாளர் வேலையைச் சூரியனே பார்த்துக்கொள்ளும், ஆனால் அதை ஐந்து நிமிடம் தாமதமாக வரச்சொல்ல முடியாது. மேகம் மூடினால் மூடினதுதான். மூடுபனி இறங்கினால் படகுகள் தெரியாமலே போகலாம். விடியற்காலைப் பறவைகள் தங்கள் பாட்டுக்குப் பாடும், அதையும் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் கபிலர் ஞாபகம் வராமல் இருக்காது. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் மூங்கில் துளைகளில் புகும் கோடைக்காற்று குழல், அருவி முழவு, கலைமானின் குரல் தூம்பு, வண்டு யாழ், ஆடும் மயில் விறலி, மந்திகள் அவை. ஒரு முழு நிகழ்ச்சி, ஒரு மனிதரும் இல்லாமல். இதைப் பள்ளிக்கூடத்தில் உவமை அழகுக்காகப் படிக்க வைத்தார்கள். இப்போது படித்தால் எனக்கு அந்த மந்திகள்தான் கண்ணில் படுகின்றன. அவை மருண்டு பார்க்கின்றன. தலையாட்டவில்லை, ரசிக்கவில்லை, திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல பார்வையாளர்கள்.

சரி, காட்சிக் கலைக்கு வருகிறேன். இந்த வகை நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான். மேடையில் கடல் பற்றிய இசை, பின்னால் திரையில் கடல். காட்டைப் பற்றிய இசை, திரையில் ட்ரோனில் எடுத்த காடு. கண் வேலை செய்ய ஆரம்பித்தால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். காதுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கண்ணுக்கு மறுபடி சொல்வதில் என்ன பிரயோஜனம்? காதால் பிடிக்க முடியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டினால்தான் திரைக்கு அங்கே இடம்.

அதைச் சரியாகச் செய்ததற்கு பெர்னி க்ராஸின் ஒலிப்பதிவுகளை வைத்து 2016இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் வைத்த படைப்பைச் சொல்வேன். க்ராஸ் ஒரு காலத்தில் சின்தசைசர் கலைஞர். 1968 முதல் காடுகளில் ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்து 5,000 மணி நேரத்துக்கும் மேல் சேர்த்துவிட்டார். தனிப் பறவையின் குரலைப் பதிவதில் அவருக்கு அக்கறை இல்லை, ஓர் இடத்தின் மொத்த ஒலியும் வேண்டும். நலமான காட்டில் ஒவ்வொரு உயிரினமும் தனக்கென ஓர் அலைவரிசைப் பட்டையைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். பூச்சிகள் மேலே, பறவைகள் நடுவே, தவளைகள் ஒருபுறம் என்று ஒருவர் குரலில் இன்னொருவர் குரல் மோதாமல். இது காதுக்கு மட்டும் விட்டால் ஒரே கலவையாகத்தான் கேட்கும். லண்டனின் யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு செய்தது இதுதான்: இருட்டுக் கூடத்தில் ஒலி ஓடும்போதே அதன் வரைபடத்தைச் சுவர் நீளத்துக்கு நகரவிட்டார்கள். கிடைமட்டம் நேரம், செங்குத்து சுருதி. ஒரு குரல் எழும்போது அதற்குரிய உயரத்தில் ஒரு கீற்று எழுகிறது. அதற்கு மேலே பூச்சிகளின் பட்டை இடைவெளி விட்டு ஓடுகிறது. கீழே ஆழமில்லாத நீர்த்தொட்டி, அதில் இவையெல்லாம் பிரதிபலிக்கின்றன. காட்டின் படம் ஒன்று கூட இல்லை. காணொளியில் பார்த்ததற்கே, அதன்பின் ஒரு வாரம் ஜன்னல் பக்கம் எந்த ஒலி கேட்டாலும் அது எந்த உயரத்தில் இருக்கும் என்று மனசு கோடு போட்டுக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் க்ராஸ் செய்த பதிவு இன்னொரு காரணத்துக்காக முக்கியம். லிங்கன் மெடோ என்ற இடத்தில் 1988இல் பதிவு செய்தார், பறவைகள் மண்டிக் கிடந்தன. தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டுவோம், சூழலுக்குப் பாதிப்பே இருக்காது என்று மரம் வெட்டும் நிறுவனம் சொல்லியிருந்தது. அடுத்த வருஷம் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போனார். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, புகைப்படம் எடுத்தால் அதே இடம்தான். ஒலியில் ஓடை சலசலக்கிறது, ஒரு மரங்கொத்தி தட்டுகிறது, ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்தால், நிரம்பி வழிந்த தாளும் கிட்டத்தட்ட வெறும் தாளும். ட்ரோன் காட்சியால் இதைக் காட்டியிருக்க முடியாது. ட்ரோன் காட்சி பொய்யே சொல்லியிருக்கும்.

மற்ற சிலவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இத்தாலியப் பியானோ கலைஞர் லுடோவிகோ எய்னௌடி 2016இல் வடதுருவப் பகுதியின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனியாற்றின் முன் மிதவையில் வாசித்தது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பிரசாரம். அப்படியே பார்த்தால் நல்ல பிரசாரம், கச்சேரியாகப் பார்க்க வேண்டியதில்லை. செடிகளில் மின்முனை ஒட்டி 'செடியின் இசை' கேட்கச் செய்யும் கருவிகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. இலையில் மின்கடத்தும் தன்மை மாறுவது நிஜம், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை எந்த ஸ்தாயியில், எந்த வாத்தியத்தின் குரலில் ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்வது மென்பொருள். எந்தச் செடியும் எப்படியோ இனிமையான தியான இசையையே தருவது தற்செயல் இல்லை. நார்வேயின் டெர்யே இசுங்செட் பனிக்கட்டியில் கொம்பும் தாளவாத்தியமும் செதுக்கி வாசிப்பது அப்படியில்லை. ஊதும் மூச்சின் சூட்டிலேயே கொம்பு கரைகிறது, அறை கொஞ்சம் வெப்பமானால் சுருதி போய்விடுகிறது. அவர் கருவிக்கு அவரைக் கைவிடும் உரிமை இருக்கிறது. குரோஷியாவின் ஸாதர் நகரக் கடற்கரைப் படிகளுக்கு அடியில் 2005இல் நிகோலா பாசிச் பதித்த 35 குழாய்களுக்கும் அப்படித்தான். அலை தள்ளும் காற்றில் ஒலிக்கும், கடல் சும்மா கிடந்தால் முனகும். பக்கத்திலேயே பகலெல்லாம் வெயிலைச் சேமித்து இரவில் ஒளிரும் 22 மீட்டர் கண்ணாடி வட்டம். கலைஞர் ஒருவரும் இல்லாத கச்சேரி, கிட்டத்தட்ட கபிலர் கணக்கு.

ஜான் லூதர் ஆடம்ஸைத்தான் அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியவில்லை. அலாஸ்காவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த அமெரிக்க இசையமைப்பாளர். ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தில் 2006இல் ஒரு சிறு அறையை உருவாக்கினார். சூரியன், நிலவு இவற்றின் இருப்பு, நிலநடுக்கப் பதிவுகள், துருவ ஒளியைத் தூண்டும் காந்தப்புல மாற்றங்கள் எல்லாம் அந்தந்த நேரத் தரவாக உள்ளே வந்து ஒலியாகவும் கண்ணாடிப் பலகைகளின் நிறமாகவும் மாறுகின்றன. செடி இசையை அடித்துவிட்டு இதை ஏன் பாராட்டுகிறாய் என்று கேட்கலாம். இங்கேயும் மனிதர் எழுதிய விதிகள்தானே? ஆமாம். ஆனால் இது இனிமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. நிலம் அசையாத நாளில் அடிமுழக்கம் குறையும், துருவ ஒளி இல்லாத இரவில் மேலே மினுங்கும் மணியோசை இராது. போகிறவர் தன் அதிர்ஷ்டத்தோடு போக வேண்டும்.

அவருடைய 'இனுக்சுயிட்' 9 முதல் 99 தாளக்கலைஞர்கள் வரை திறந்தவெளியில் வாசிக்க எழுதியது. கூம்புகளில் மூச்சை ஊதுவதில் தொடங்கி, சங்கு, சைரன், பேரிகை என்று ஏறி, கடைசியில் பறவைப் பாட்டில் அடங்கும். கலைஞர்கள் பரவி நிற்பார்கள், பார்வையாளர்கள் நடந்துகொண்டே கேட்க வேண்டும், இரண்டு பேர் கேட்டது ஒன்றாக இருக்காது. 2018 ஜனவரியில் அமெரிக்க-மெக்சிகோ எல்லை வேலிக்கு இரண்டு பக்கமும் கலைஞர்களை நிறுத்தி இதை வாசித்தார்கள். மேடை அலங்காரம் எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. கம்பிவேலி ஏற்கெனவே அங்கே இருந்தது, கடலும்.

இப்படியெல்லாம் எழுதினாலும், வெளியில் வாசிப்பவர்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும் நேரத்தில் கூட்டத்தோடு போவது அவற்றுக்குத் தொந்தரவு. போகாமல் இருந்தால் அங்கே பறவை இருக்கிறது, குறைந்துகொண்டே வருகிறது என்பது யாருக்கும் உறைக்காது. பிரிட்டனில் நைட்டிங்கேல்கள் 1960களிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. சிறு கூட்டம், இருட்டு, மெல்லிய வாத்தியம் என்று போவது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். ஆயிரம் பேரும் லேசர் விளக்கும் வந்துவிட்டால் அந்தச் சமரசம் இல்லை.

இப்போதெல்லாம் இப்படி ஒரு நிகழ்ச்சியின் அறிவிப்பைப் பார்த்தால் கலைஞர் யார் என்பதற்கு அடுத்து நான் தேடுவது, மழை வந்தால் நிகழ்ச்சி உள்ளரங்குக்கு மாற்றப்படும் என்ற வரியை. இருந்தால் கொஞ்சம் சலிப்போடுதான் படிக்கிறேன். ஆனாலும் வயலின்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த வாத்தியத்தை ஒட்டியிருப்பது பெரும்பாலும் விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை, நன்றாக நனைந்தால் மூட்டு விட்டுப்போகும். ட்ரோம்போன்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஷேஃபர் அவர்களில் 12 பேரைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.